ரிங் இருந்தும் லைன் நின்றுவிட்டது: ரெடண்டன்சி என்றால் என்னதான் அர்த்தம்?

புதுபேனல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மெயின்டனன்ஸில் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேக்கிங் லைனில் ஒரு பிஎல்சி (மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோலர்; அதன் மூளைதான் சிபியு), அதன் கீழே 12 ரிமோட் ஐஓ ஸ்டேஷன்கள் (சென்சர், வால்வுகளின் வயர்கள் வந்து சேரும் பெட்டிகள்). எல்லாவற்றையும் இணைப்பது ப்ரோஃபிநெட் என்ற ஆலை நெட்வொர்க். கமிஷனிங் செய்துகொடுத்தவர்கள், "ரிங் போட்டிருக்கோம் சார், ஒரு கேபிள் போனாலும் லைன் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதாவது கேபிள் வட்டமாகச் சுற்றி மறுபடி பிஎல்சிக்கே வந்து சேரும். போன வியாழன் நைட் ஷிப்டில் ஃபோர்க்லிஃப்ட் இடித்து, 4-க்கும் 5-க்கும் நடுவில் இருந்த கேபிள் அறுந்தது. லைன் நின்றது. 1 மணி 40 நிமிடம் போயிற்று.

காலையில் பிளான்ட் ஹெட் கேட்ட முதல் கேள்வி: "அப்புறம் ரிங் எதுக்குய்யா?" இரண்டாவது: "ரெடண்டன்ட் சிபியு வாங்கினா சரியாகுமா? கோட்டேஷன் வாங்கு."

ரெடண்டன்ட் என்றால் ஒன்று போனால் எடுத்துக்கொள்ள இன்னொன்று தயாராக இருப்பது, அவ்வளவுதான் தெரியும். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. கூடவே இன்னொன்று. சிபியு டேட்டா ஷீட்டில் வொர்க் மெமரி, லோட் மெமரி, ரிடென்டிவ் என்று மூன்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மெமரி கார்டு 24 எம்பி, ஆனால் புரோகிராமுக்கு 150 கேபிதான் என்கிறது. மீதி எங்கே போனது?

பழையரிலே எழுதியது:

தம்பி, கோட்டேஷன் இருக்கட்டும். முதலில் ஒன்று சொல்லுங்கள். எந்தெந்த ஸ்டேஷன் விழுந்தது? அறுந்த கேபிளை மாற்றுவதற்கு முன்பே அவை தாமாகத் திரும்பி வந்தனவா, புதுக் கேபிள் போட்ட பிறகுதான் வந்தனவா? சிபியுவின் டயக்னாஸ்டிக் பஃபரில் (கோளாறுப் பதிவேடு) நேரத்தோடு இருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

புதுபேனல் எழுதியது:

பார்த்தேன் அண்ணா. 5 முதல் 12 வரை எட்டும் ஒரே நேரத்தில் ஃபெயில். 1 முதல் 4 வரை எதுவும் ஆகவில்லை. 2 விநாடிக்குள் எட்டும் திரும்பி வந்ததாகப் பதிவு இருக்கிறது. நாங்கள் கேபிள் மாற்றியது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து.

அப்படியானால் ஸ்டேஷன்கள் அவ்வளவு நேரமும் உயிரோடுதான் இருந்திருக்கின்றன! ஸ்டேஷன் போனதும் லைனை நிறுத்தும் இன்டர்லாக் அப்படியே பூட்டிக்கொண்டு நின்றதை ரீசெட் செய்து பார்க்காமல், டார்ச் அடித்துக் கேபிளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பழையரிலே எழுதியது:

ரிங் தன் வேலையைச் செய்திருக்கிறது. உங்கள் ஸ்டேஷன்களுக்குத்தான் பொறுமை இல்லை.

உங்களிடம் இருப்பது எம்ஆர்பி. கடையில் பாக்கெட்டின் மேல் போடுகிறார்களே, அது இல்லை. ஐஇசி 62439-2 என்ற தரத்தில் வரும் ரிங் முறை. ரிங்கில் ஒரே ஒரு மேனேஜர், மற்றவை எல்லாம் கிளையன்ட், அதாவது மேனேஜர் சொல்வதைக் கேட்பவை. உங்கள் இடத்தில் சிபியுதான் மேனேஜர் என்று நினைக்கிறேன். அதன் இரண்டு போர்ட்டில் ஒன்றை வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கும். ஈதர்நெட்டை வட்டமாகக் கட்டினால் ஃபிரேம் (டேட்டா பொட்டலம்) சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கே மூச்சுத் திணறும், அதற்காக. அதாவது நல்ல நாளில் உங்கள் ரிங், ரிங்கே அல்ல, 1-லிருந்து 12 வரை போகும் ஒரு நேர்க்கோடு. அதனால்தான் 4-க்குப் பின்னால் இருந்தவை மட்டும் விழுந்தன.

மேனேஜர் இரண்டு பக்கமும் சோதனை ஃபிரேம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அனுப்பியது மறுபக்கம் வரவில்லையென்றால், எங்கோ அறுந்தது என்று புரிந்துகொண்டு, அடைத்த போர்ட்டைத் திறக்கும். எல்லோருடைய முகவரி அட்டவணையையும் (யார் எந்த போர்ட் பக்கம் என்ற குறிப்பு) அழிக்கச் சொல்லும். 50 சாதனம் வரை உள்ள ரிங்கில் இதெல்லாம் முடிய அதிகபட்சம் 200 மில்லிசெகண்ட் என்பதுதான் உத்தரவாதம்.

இப்போது உங்கள் ப்ராஜெக்டைத் திறந்து ஏதாவது ஒரு ஸ்டேஷனின் அப்டேட் டைமை (சிபியுவோடு டேட்டா பரிமாறும் இடைவெளி) பாருங்கள். 2 மில்லிசெகண்ட் இருக்கும். அதன் கீழே, டேட்டா வராமல் எத்தனை முறை பொறுக்கலாம் என்ற இடத்தில் 3 இருக்கும். யாரும் தொடாமல் விட்டால் அதுதான் இருக்கும். 2 × 3 = 6. ஆறு மில்லிசெகண்டில் ஸ்டேஷன் கைவிட்டுவிடும். சோறு இன்னும் உலையில் கொதிக்கிறது, விருந்தாளி இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஸ்கேன்டைம் எழுதியது:

பழையரிலே அண்ணன் சொன்னதுதான் சரி. 16 மில்லிசெகண்ட் × 15 என்று வைத்தால் 240 வரும், 200-ஐத் தாண்டிவிடும். நிறைய இடத்தில் இப்படித்தான் வைக்கிறோம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஸ்டேஷனுக்கும் வைத்துவிடாதீர்கள். 240 மில்லிசெகண்ட் பொறுமை என்றால், ஒரு ஸ்டேஷன் உண்மையிலேயே சிபியுவை இழந்தாலும் அவ்வளவு நேரம் அதன் அவுட்புட் பழைய நிலையிலேயே நிற்கும். வால்வு திறந்திருந்தால் திறந்தேதான் இருக்கும். தண்ணீர் பம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நிமிடத்துக்கு 300 பாக்கெட் தள்ளும் புஷருக்கு? அந்த வேகத்தில் ஒரு பாக்கெட்டுக்கு 200 மில்லிசெகண்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ரிங்குக்கு நடுவில் யாராவது சாதாரண 5 போர்ட் அன்மேனேஜ்டு சுவிட்ச் (செட்டிங் எதுவும் இல்லாத, கேபிள்களை இணைக்கும் பெட்டி) போட்டிருக்கிறார்களா? லேப்டாப் சொருக வசதியாக இருக்கட்டும் என்று போட்டுவிட்டுப் போவார்கள். அட்டவணையை அழி என்று மேனேஜர் சொல்வது அதற்குக் காதில் விழாது. பழைய முகவரியை வைத்துக்கொண்டு அறுந்த பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலான சுவிட்சில் அந்த ஞாபகம் அழிய 300 விநாடி.

மீனாஇன்ஸ்ட்ரு எழுதியது:

பேக்கிங் லைன் என்கிறீர்கள், லைட் கர்ட்டன் (கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை) இருக்குமே? அது ப்ரோஃபிசேஃப் (ப்ரோஃபிநெட்டிலேயே சேஃப்டி செய்திகள் போகும் முறை) வழியாக வருகிறதா?

வருகிறதென்றால் அதற்குத் தனி வாட்ச்டாக் (இத்தனை நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் நிறுத்து என்ற கெடு) இருக்கிறது. அப்டேட் டைமை மாற்றினால் அது தானாக மாறாது. பல ப்ராஜெக்டில் 150 மில்லிசெகண்ட் என்றே கிடக்கும். சாதாரண ஐஓ 240-இல் தப்பித்தாலும், ரிங் மாறும்போது சேஃப்டி 150-இல் ட்ரிப் ஆகி லைன் நின்றுவிடும். அப்புறம் "சொன்னதைச் செய்தேன், மறுபடி நின்றது" என்று இங்கேயே வந்து எழுதுவீர்கள்.

சரி, அதை 300 ஆக்கிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். கர்ட்டனை மெஷினிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது நிற்க ஆகும் நேரத்தைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ 13855-இல் கை நகரும் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். தூரம் அரை மீட்டருக்கு மேல் போனால் 1.6 என்று எடுத்துக்கொள்ளலாம். 150 மில்லிசெகண்ட் கூட்டினால், 1.6-இலேயே 24 செ.மீ. தள்ள வேண்டும். சாஃப்ட்வேரில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு, கர்ட்டனின் ஸ்டாண்டை அதே போல்ட்டில் விட்டுவைத்தால், ரிங்கைக் காப்பாற்ற ஒருவருடைய விரலைப் பணயம் வைத்ததாக ஆகும். இதை மெயின்டனன்ஸ் ஆள் தனியாக முடிவு செய்யக் கூடாது. சேஃப்டி கணக்குப் போட்டவரைக் கூப்பிடுங்கள்.

தோஹாநைட்ஷிப்ட் எழுதியது:

அதனால்தான் நாங்கள் எம்ஆர்பி பக்கமே போவதில்லை. இங்கே சப்ஸ்டேஷனில் எல்லாம் பிஆர்பி, ஐஇசி 62439-3. ரிங்கே கிடையாது. ஏ, பி என்று முழுக்கத் தனித்தனியாக இரண்டு நெட்வொர்க். ஒவ்வொரு சாதனமும் ஒரே ஃபிரேமை இரண்டிலும் அனுப்பும், வாங்குகிறவர் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஒன்று அறுந்தால் மாறுவதற்கு ஆகும் நேரம் பூஜ்ஜியம்.

ஸ்கேன்டைம் எழுதியது:

சுவிட்ச் செலவும் இரண்டு மடங்கு நண்பரே. பிஸ்கட் பேக் பண்ணுகிற லைனுக்கு யார் கொடுப்பார்கள்?

ப்ரோஃபிநெட்டுக்குப் பதில் ஈதர்நெட் ஐபி என்ற நெட்வொர்க் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு, டிஎல்ஆர். அதுவும் ரிங்தான். மேனேஜர் என்பதற்குப் பதில் சூப்பர்வைசர் என்பார்கள். ஆனால் சோதனை ஃபிரேம் 400 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை ஓடுகிறது. 50 சாதனம் உள்ள ரிங் 3 மில்லிசெகண்டுக்குள் சரியாகிவிடும். அதே ரிங், அதே கேபிள், சரியாகும் நேரத்தில்தான் வித்தியாசம். ஆகவே "ரிங் இருக்கிறதா" என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. "எத்தனை மில்லிசெகண்ட்" என்று கேட்க வேண்டும்.

தோஹாநைட்ஷிப்ட் எழுதியது:

செலவு உண்மைதான். அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் சைட்டில் ஏ நெட்வொர்க்குக்கு நீல பேட்ச் கார்டு, பி-க்கு மஞ்சள். ஒருநாள் ஒருவர் கையில் நீலம் தீர்ந்துவிட்டதாம். மஞ்சளை எடுத்து ஏ சுவிட்சில் ஒரு முனை, பி சுவிட்சில் ஒரு முனை. தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டும் ஒன்றாகிவிட்டன. எதுவும் நிற்கவில்லை, அதுதான் கொடுமை. தவறான நெட்வொர்க்கில் வந்த ஃபிரேம்களை எண்ணும் கவுண்டர் ஏறிக்கொண்டே போனதை, மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ திரையைத் திறந்தபோது பார்த்தோம்.

பழையரிலே எழுதியது:

மெமரி கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தம்பி காத்திருக்கிறார்.

லோட் மெமரி என்பது கார்டு. லேடர் (பிஎல்சி புரோகிராம்), கான்ஃபிகரேஷன், குறிப்புகள், பெயர்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். கரண்ட் போனாலும் போகாது. சிபியு எழுந்ததும் அதிலிருந்து ஓட்டுவதற்குத் தேவையானதை மட்டும் ராமுக்கு எடுத்துக்கொள்ளும், அது வொர்க் மெமரி. சீமென்ஸின் எஸ்7-1511 சிபியு முதலில் வந்தபோது அதில் புரோகிராமுக்கு 150 கேபி, டேட்டாவுக்கு 1 எம்பி. நீங்கள் பார்த்த கணக்கு இதுதான். 24 எம்பி கார்டு வாங்கினால் 150 கேபி பெரிதாகிவிடாது. பீரோ பெரிதானால் சாப்பாட்டு மேசை பெரிதாகுமா? ரிடென்டிவ் என்பது, கரண்ட் போய் வந்தாலும் மறக்கக் கூடாது என்று நீங்கள் குறித்துவைத்த எண்கள். பேட்ச் கவுண்ட், மோட்டார் ஓடிய மணி, இப்படி. எல்லாவற்றையும் ரிடென்டிவ் என்று டிக் அடிக்கும் பழக்கம் வேண்டாம். இடம் சிறிது, அதோடு கரண்ட் போய் வந்த பிறகு ஏதோ ஒரு பழைய ஸ்டெப் நம்பர் நினைவிலிருந்து எழுந்து வந்து சிலிண்டரை நீட்டும்.

பேட்டரி காலத்துக் கதை ஒன்று. அப்போதெல்லாம் புரோகிராமே ராமில்தான், 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி தாங்கிப் பிடித்திருக்கும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் சிபியுவின் பேட்டரி விளக்கு மாதக்கணக்கில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிட்டோம். ஆயுத பூஜைக்குப் பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, மெயினை இறக்கிவிட்டு நான்கு நாள் ஊருக்குப் போனோம். திரும்பி வந்து மெயினைப் போட்டால் சிபியு துடைத்துவைத்த சிலேட்டு மாதிரி இருக்கிறது. பேக்கப் ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. ஃப்ளாப்பி, புரோகிராம் எழுதியவரின் வீட்டுப் பரணில் இருந்தது. அவர் வீடு மாறியிருந்தார்.

பேட்டரி மாற்றும் முறையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எஸ்7-400-இல் பவர் ஆனில் இருக்கும்போதே மாற்றுங்கள் என்பார்கள். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யு-வில் பவரை நிறுத்தி, பழையதைக் கழற்றிய 20 விநாடிக்குள் புதியதைச் சொருக வேண்டும். ஒரு கம்பெனி பிஎல்சியில் பழகிய கையோடு இன்னொன்றைத் தொடாதீர்கள். மேனுவலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்கேன்டைம் எழுதியது:

ஃப்ளாஷ் வந்ததால் அந்தத் தலைவலி போயிற்று, வேறு தலைவலி வந்தது. எஸ்7-300 கார்டுக்கு 1 லட்சம் முறை எழுதலாம் என்று போட்டிருப்பார்கள். பெரிய எண்ணாகத் தெரியும். விநாடிக்கு ஒருமுறை எழுதினால் 27 மணி 46 நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 69 நாள். புரொடக்ஷன் கவுண்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று நிமிடத்துக்கு ஒருமுறை கார்டில் எழுத வைத்த ஒரு புண்ணியவானின் மெஷினை நான் பார்த்திருக்கிறேன். நான்கு மாதத்துக்கு ஒரு கார்டு போய்க்கொண்டிருந்தது. கார்டு மட்டம், சப்ளையர் மட்டம் என்று ஸ்டோரில் சண்டை. அந்த பிளாக்கை எடுத்து, கவுண்டை ரிடென்டிவில் வைத்ததும் சண்டை நின்றது.

இன்னொன்று, இந்தக் கார்டுகளை லேப்டாப்பில் சொருகினால் விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். சிபியு எதிர்பார்க்கும் அடையாளக் கோப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும். அப்புறம் அந்த விலைக்கு ஒரு சாதாரண கேமரா கார்டுதான் மிஞ்சும்.

மீனாஇன்ஸ்ட்ரு எழுதியது:

ரெடண்டன்ட் சிபியு பற்றி. கோட்டேஷன் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் எதை வாங்குகிறோம் என்று பிளான்ட் ஹெட்டுக்குத் தெரியட்டும்.

எஸ்7-1500-இல் ஆர் என்றும் எச் என்றும் இரண்டு வகை. ஆர் வகையில் இரண்டு சிபியுவும் அதே ப்ரோஃபிநெட் ரிங் வழியாகத்தான் பேசிக்கொள்ளும், ஒன்று போய் மற்றது எடுத்துக்கொள்ள சுமார் 300 மில்லிசெகண்ட். எச் வகைக்குத் தனி ஃபைபர் உண்டு, சுமார் 50. ராக்வெல்லின் கன்ட்ரோல்லாஜிக்ஸ் என்றால் இரண்டு சேசிஸ் (கார்டுகளைச் சொருகும் சட்டம்), ஒவ்வொன்றிலும் ஒரு ரெடண்டன்சி மாட்யூல், நடுவில் ஃபைபர். அந்த சேசிஸ்களில் ஐஓ கார்டு வைக்க முடியாது, ஐஓ எல்லாம் ரிமோட்டில்தான். யோசித்தால் நியாயம். கார்டு ஒரு சிபியுவோடு சேர்ந்து செத்துவிட்டால் மற்ற சிபியு எதைப் படிக்கும்?

உங்கள் ஃபோர்க்லிஃப்ட் இடித்தது கேபிளை. எந்த சிபியு வாங்கியிருந்தாலும் அந்த 6 மில்லிசெகண்ட் அதே 6-தான்.

பேனல்ஷாப் எழுதியது:

நான் வேறு கட்சி. இந்த லைனுக்கு ரெடண்டன்ட் சிபியுவே வேண்டாம் என்பேன். 20 வருடமாகப் பேனல் கட்டுகிறேன். சிபியு செத்து நின்ற லைன் எத்தனை, ப்ராக்ஸிமிட்டி சென்சரும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையும் லூஸ் டெர்மினலும் நிறுத்திய லைன் எத்தனை என்று விரலை மடக்கிப் பார்த்தால், முதலாவதற்கு ஒரு கையே அதிகம்.

ஒரு சிபியுவை வாங்கி, அதே ஃபர்ம்வேர் ஏற்றி, கார்டின் பிரதியோடு பீரோவில் வையுங்கள். சாவி ஷிப்ட் இன்சார்ஜிடம் இருக்கட்டும், மேனேஜர் பையில் வேண்டாம். மாற்ற 15 நிமிடம். 15 நிமிடம் நின்றால் கொதிகலன் வெடிக்குமா, உலோகம் உறைந்துவிடுமா? பேக்கிங் லைன் சார்.

மிச்சமாகும் பணத்தில் பவரைப் பாருங்கள். இரண்டு எஸ்எம்பிஎஸ், நடுவில் டயோட் மாட்யூல் (ஒன்று செத்தாலும் மற்றது பவர் கொடுக்க வழி விடுவது), ரெடண்டன்ட் என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருப்பார்கள். பின்னால் போய் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் இரண்டும் ஒரே எம்சிபியில் (ட்ரிப் சுவிட்ச்) போய் முடியும். இதை நான் பார்த்தது ஒருமுறை இரண்டுமுறை அல்ல. ஒன்று யுபிஎஸ்ஸிலிருந்து, ஒன்று நேர் சப்ளையிலிருந்து வரட்டும். அப்புறம் ரிங்கின் போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் ஒரே ட்ரேயில் ஓடுகின்றனவா? அன்றைக்கு ஃபோர்க்லிஃப்ட் அரை அடி தள்ளி இடித்திருந்தால் இரண்டும் போயிருக்கும்.

தோஹாநைட்ஷிப்ட் எழுதியது:

இரண்டு வைத்தும் இரண்டும் ஒரே இடத்தில் போய் முடியும் என்று பேனல்ஷாப் சொன்னதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1996 ஜூன் 4, ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். திசை காட்டும் கருவி இரண்டு, ஒன்று போனால் மற்றது. இரண்டிலும் ஒரே சாஃப்ட்வேர். 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் போய், அது கொள்ளாமல் கருவி நின்றது. ஸ்டாண்ட்பைக்கு மாறலாம் என்று பார்த்தால், ஸ்டாண்ட்பை அதே காரணத்தால் 72 மில்லிசெகண்ட் முன்பே செத்திருந்தது. கிளம்பி 40 விநாடிக்குள் ராக்கெட்டே வெடித்துச் சிதறியது.

உங்கள் லேடரில் பூஜ்ஜியத்தால் வகுக்கும் இடம் ஒன்று இருந்தால், இரண்டு சிபியுவும் ஒற்றுமையாக வகுக்கும்.

புதுபேனல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அப்டேட் டைம் 2, பொறுமை 3, அப்படியேதான் இருந்தது. 12-இல் 9 ஸ்டேஷனை 16 × 15 ஆக்கினோம். புஷர் இருக்கும் 2 ஸ்டேஷனை அப்படியே விட்டோம், ரிங் மாறினால் அவை நிற்கட்டும் என்று ப்ரொடக்ஷன் ஒப்புக்கொண்டது. லைட் கர்ட்டன் ஸ்டேஷன் ப்ரோஃபிசேஃப்தான். மீனா மேடம் சொன்னதைக் காட்டியதும் சேஃப்டி ஆலோசகர் கர்ட்டனைத் தள்ள இடமில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் அதன் வாட்ச்டாக்கைத் தொடாமல், ஸ்டேஷனை ரிங்கிலிருந்து எடுத்து, ரிங்கில் சேராத ஒரு தனி போர்ட்டுக்கு நேராக இழுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை நின்றபோது சோதித்தோம். பிளான்ட் ஹெட் பக்கத்தில் நிற்க, நானே 4-5 கேபிளைப் பிடுங்கினேன். புஷர் இரண்டும் நின்றன, மற்ற ஸ்டேஷன் எதுவும் விழவில்லை. கன்வேயர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் "இன்னொண்ணு பிடுங்கு" என்றார். 4-5-ஐ மாட்டிவிட்டு 9-10-ஐப் பிடுங்கினேன். அப்போதும் அப்படியே. சிபியு கோட்டேஷனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஸ்பேர் சிபியுவுக்கு இன்டென்ட் போட்டாயிற்று. எஸ்எம்பிஎஸ் இரண்டும் ஒரே எம்சிபிதான், பேனல்ஷாப் சார் எங்கள் பேனலைப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருக்கிறது.

ரிங் திறந்திருக்கிறது, அதாவது எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது என்று எச்எம்ஐ-யில் (ஆபரேட்டர் திரை) அலாரம் மட்டும் இன்னும் வைக்கவில்லை, அடுத்த வாரம்.

பழையரிலே எழுதியது:

நல்ல வேலை தம்பி. 9-10 கேபிளைத் திரும்ப மாட்டினீர்களா?

புதுபேனல் எழுதியது:

...

பேனல் ரூமுக்குப் போகிறேன் அண்ணா.